கொடுவாவுக்குப் பழைய ரீலா, புது ரீலா?

புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் கடலூர் துறைமுகத்து வாயிலும் தூண்டில் போடும் தம்பிகள் நிறையப் பேர் இப்போது ஸ்பின்னிங் ரீலை வைத்துவிட்டு, வீசும்போது நூல் உருளையே சுற்றுகிற பெய்ட்காஸ்டர் ரீலுக்கு மாறுகிறார்கள். மாறுகிறவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "அண்ணா, மாமா சிங்கப்பூர்லேருந்து கொண்டாந்த பழைய அபு ஒண்ணு வீட்ல கிடக்கு, அதையே சர்வீஸ் பண்ணி வெச்சுக்கவா, இல்ல புதுசா ஒண்ணு வாங்கிடவா?" இதற்குக் கரையில் இரண்டு பதில்தான் கிடைக்கும். பழசு இரும்பு மாதிரி, தலைமுறைக்கும் வரும் என்பார் ஒருவர். அந்தக் காலத்துச் சாமானை யார் தூக்கிக்கொண்டு திரிவது, புதுசு வாங்கு என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே எந்த மீனுக்கு, என்ன எடையை வீசப்போகிறாய் என்று கேட்பதில்லை, ரீல் உப்பு பிடித்து நின்றுபோனால் யார் திறப்பார்கள் என்றும் கேட்பதில்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீளமாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக. உருண்டை உடம்புள்ள பழைய அம்பாசடர், அதாவது அபு கம்பெனியின் பெய்ட்காஸ்டர், நல்ல நிலையில் கையில் இருந்தால் அதை விடாதீர்கள். அது இல்லையென்றால் இன்றைக்கும் உற்பத்தியில் இருக்கும் ஒரு புது மாடலை வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவே, பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் வந்து இப்போது நிறுத்திவிட்ட தட்டையான லோ ப்ரொஃபைல் ரீல்கள் செகண்ட் ஹேண்டில் பாதி விலைக்கு வரும், பார்க்கவும் பளபளப்பாக இருக்கும், அதை மட்டும் வாங்காதீர்கள். ஏன் என்பதற்குத்தான் மீதிப் பதிவு.

முதலில் நம்முடைய தண்ணீரைப் பார்ப்போம். கடலூரில் தாழங்குடா பக்கம் தென்பெண்ணை கடலில் விழுகிற இடம், தேவனாம்பட்டினம் அருகே கெடிலம், முதுநகரில் உப்பனாறு துறைமுகத்து வழியாக வெளியேறும் வாய், தெற்கே போனால் பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு, அதற்கும் கீழே கிள்ளை, பிச்சாவரம் கழிகள். புதுச்சேரிப் பக்கம் அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு, வீராம்பட்டினத்து முகத்துவாரம், அப்புறம் கடலரிப்புக்காகக் கல் கொட்டிய தூண்டில் வளைவுகள். மீன் என்று பார்த்தால் கொடுவா, செப்பிலி, காலா, சின்னப் பாரைகள், கல்லிடுக்கில் கலவா, சில நாள் சீலா. நம்முடைய ஓதம் பெரியது இல்லை, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் ஒரு மீட்டருக்குள்தான் வித்தியாசம். ஆனால் வாய் குறுகலாக இருப்பதால் வற்றும்போது தண்ணீர் இழுக்கிற வேகம் அதிகம், அந்த இழுப்பில்தான் கொடுவா நிற்கும். கரையிலிருந்து நாற்பது அம்பது மீட்டர் வீசி, நீரோட்டத்தோடு லூரை, அதாவது செயற்கை இரையை விட்டு, பாறை ஓரமாகக் கொண்டுவருவதுதான் வேலை. கழிக்குள் போனால் கதை வேறு, அங்கே இருபது மீட்டர் போதும், ஆனால் அலையாத்தி வேருக்கு அரையடி தள்ளி விழ வேண்டும்.

ஒரே ஆள் ஒரே வாரத்தில் இந்த இரண்டையும் செய்கிறான். அதனால்தான் எந்த ரீல் நல்லது என்ற கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் வராது.

ஸ்பின்னிங் ரீலில் நூல் சுற்றியிருக்கும் ஸ்பூல் அசையாமல் நிற்கும், நூல் மட்டும் வளையம் வளையமாகக் கழன்று போகும். பெய்ட்காஸ்டரில் வீசும்போது ஸ்பூலே சுற்றுகிறது. லூர் இழுக்கிற இழுப்பில் ஸ்பூல் கிளம்ப வேண்டும், லூர் காற்றில் வேகம் குறையும்போது ஸ்பூலும் குறைய வேண்டும். லூர் மெதுவாகிவிட்டது, ஸ்பூல் இன்னும் பழைய வேகத்திலேயே சுற்றுகிறது என்றால் போக இடமில்லாத நூல் அங்கேயே பொங்கிச் சிக்கு விழும். ஆக எல்லாமே ஸ்பூலின் எடையைப் பொறுத்தது. பழைய 6500 அளவு அம்பாசடரில் ஸ்பூலும் கனம், அதில் சுற்றுகிற நரம்பும், அதாவது ஒற்றை இழை நைலான் நூலும், இருநூறு மீட்டருக்கு மேல் பிடிக்கும், அதுவும் கனம். பாரம் ஏற்றிய மாட்டுவண்டி மாதிரி, கிளம்பவும் நேரம் எடுக்கும், நிற்கவும் நேரம் எடுக்கும். எட்டு கிராம் ரப்பர் மீனைக் கட்டி அதில் வீசினால் ஸ்பூலைக் கிளப்பவே அந்த எடைக்குத் தெம்பு போதாது, பத்து மீட்டரில் விழும். அதே ரீலில் இருபத்தைந்து கிராம் கட்டை லூரையோ ஈயத்தோடு மடவைக் குஞ்சையோ கட்டி வீசிப் பாருங்கள், போய்க்கொண்டே இருக்கும். இங்கிலாந்தில் கடற்கரையிலிருந்து தொலைதூரம் வீசுகிறவர்கள் இந்த 6500 வகையைத்தான், நூலைப் பரப்பும் லைன் கைடைக் கழற்றிவிட்டு, பல வருடமாகப் பயன்படுத்தினார்கள். கனமான எடைக்கு அது செய்யப்பட்ட ரீல்.

புது லோ ப்ரொஃபைல் ரீல்களில் ஸ்பூலைத் துளை போட்டு, சுவரை மெல்லிதாக்கி, எடையைக் குறைத்திருக்கிறார்கள். பிரெய்டு என்கிற மெல்லிய பின்னல் நூல் வந்த பிறகு அவ்வளவு ஆழமான ஸ்பூலும் தேவைப்படவில்லை. ஷிமானோ குராடோ 200 கே மாடலின் மொத்த எடையே 215 கிராம்தான், பழைய 6500 வகை முந்நூறு கிராமைத் தொடும். நாள் முழுக்கக் கழியில் நின்று நூற்றுக்கணக்கில் வீசுகிறவனுக்கு மணிக்கட்டில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். பத்து கிராமுக்குக் கீழே வீசுவதுதான் உங்கள் வேலை என்றால் பழைய உருண்டை ரீலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பதினைந்து கிராமுக்கு மேல்தான் எப்போதும் என்றால் பழசு எந்த விதத்திலும் உங்களைப் பின்னால் இழுக்காது. நான் யாரிடமும் முதலில் கேட்பது பட்ஜெட்டை இல்லை, லூர் பெட்டியைத் திற, எடையைப் பார்க்கலாம் என்றுதான்.

அடுத்தது பிரேக். பழைய அம்பாசடரில் இருப்பது மையவிலக்கு பிரேக், ஸ்பூல் பக்கத்தில் சின்னக் கட்டைகள் இரண்டு இருக்கும், ஸ்பூல் வேகமாகச் சுற்றும்போது அவை வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த அழுத்தம் நான்கு மடங்காகும், அதனால் வீச்சின் தொடக்கத்தில் நன்றாகப் பிடித்து, கடைசியில் கிட்டத்தட்ட முழுக்க விட்டுவிடும். அந்தக் கடைசிப் பகுதிக்குக் கட்டைவிரல்தான் பிரேக். காந்த பிரேக் வேறு மாதிரி, ஸ்பூலைத் தொடாமலே காந்தப் புலத்தில் இழுவை உண்டாகும், அது வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும், அதனால் வீச்சின் பின்பாதியிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டே வரும். வெளியே இருக்கிற வட்டத்தைத் திருகினால் போதும், மூடியைத் திறக்க வேண்டாம். டைவா கம்பெனி ரீல்களில் இந்தக் காந்த வகையைப் பல வருடமாகச் செம்மைப்படுத்தி வருகிறார்கள். ஷிமானோ வேறு வழியில் போய் டிசி என்று ஒன்றை ஜப்பானில் 2003-இல் கல்கட்டா கான்குவெஸ்ட் ரீலில் கொண்டுவந்தது, ஸ்பூல் சுற்றுவதிலிருந்தே மின்சாரம் எடுத்து, உள்ளே ஒரு மின்னணுச் சில்லு ஸ்பூல் வேகத்தை அளந்து தேவைக்கேற்ப பிரேக் போடும், பேட்டரி கிடையாது. வீசும்போது ஙொய் என்று ஒரு சத்தம் வரும், அது இந்த டிசிதான். 2018-இல் குராடோவிலும் டிசி வந்த பிறகுதான் அது ஓரளவு நம் கைக்கு எட்டுகிற விலைக்கு இறங்கியது, அப்போதும் சின்ன விலை இல்லை.

இந்த பிரேக் சமாசாரம் நம் ஊரில் காற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும், நமக்கு முதுகுப்பக்கம். அப்போது தேவனாம்பட்டினத்தில் நின்று கடலைப் பார்த்து வீசினால் எந்த ரீலும் நல்ல ரீல்தான், பழைய அம்பாசடரில் கட்டைவிரலை லேசாக வைத்துக்கொண்டால் போதும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று திரும்பி நேராக முகத்தில் அடிக்கும். லூர் பாதி தூரத்திலேயே காற்றில் முட்டி வேகம் இழக்கும், ஸ்பூலுக்கு அது தெரியாது, சிக்கு. கட்டைவிரல் பழகியவர் அதையும் சமாளிப்பார், ஆனால் அந்தப் பழக்கம் வர ஒரு சீசன் பிடிக்கும், அதுவரை மாலை வேளையை நூல் பிரிப்பதிலேயே கழிக்க வேண்டியிருக்கும். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் வேலை முடிந்து மாலை நாலரைக்கு மேல்தான் கரைக்கு வருகிறார்கள், எதிர்காற்றில்தான் வீசுகிறார்கள். அப்படிப்பட்டவர் முதல் பெய்ட்காஸ்டர் வாங்குகிறார் என்றால், மனசறிந்து சொல்கிறேன், காந்த பிரேக் உள்ள புது ரீலை வாங்கட்டும். டிசி வேண்டும் என்று இல்லை, அதன் சில்லு நின்றுபோனால் நாம் திறந்து சரிசெய்ய வழியில்லை, பக்கத்து மூடியோடு மாற்ற வேண்டும், அதை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். கடல் தண்ணீரில் நின்று தூண்டில் போடுகிறவனுக்கு அது ஒரு பெரிய யோசனை.

புதுசில் எனக்குப் பிடித்த இன்னொன்று டைவா 2013-இல் டட்டூலாவில் பரவலாக்கிய டி-விங். சாதாரண ரீலில் நூல் ஒரு சின்ன வளையத்துக்குள் நுழைந்து போகும், ஸ்பூலின் ஓரத்திலிருந்து கழலும்போது நூல் சாய்ந்து உரசும். டி-விங்கில் வீசும்போது அகலமான வாய் வழியாக நூல் போகும், சுருட்டும்போது மட்டும் குறுகின பகுதிக்கு இறங்கும். பிரெய்டுக்கும், அதன் நுனியில் கட்டும் தடித்த நூலான லீடருக்கும் நடுவே இருக்கிற முடிச்சு தடங்கலில்லாமல் போவது இதில் நன்றாகத் தெரிகிறது. நம் பக்கம் பாறையும் வேரும் அதிகம் என்பதால் லீடரை நீளமாகக் கட்டி, முடிச்சை ரீலுக்குள்ளேயே வைத்துதான் வீசுகிறோம், அதனால் இது சின்ன வசதி இல்லை.

சரி, வீசுவதில் புதுசுக்கு இவ்வளவு சொல்லியாயிற்று. மீன் மாட்டிய பிறகு என்ன?

பழைய அம்பாசடர்களில் கியர் பெரும்பாலும் 5.3-க்கு 1 அல்லது அதற்கும் கீழே, 4.7 மாதிரி. கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் ஸ்பூல் ஐந்தே கால் சுற்று சுற்றும். புதுசில் 7.4, 8.5 என்று போகிறது, குராடோ கே-யின் 7.4 மாடல் ஒரு சுற்றுக்கு எழுபத்தொன்பது சென்டிமீட்டர் நூலை எடுக்கும். வேகம் ஏறினால் இழுவைத் தெம்பு குறையும், சைக்கிள் ஓட்டியவர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செப்பிலி வேருக்குள் ஓடும்போது முதல் இரண்டு விநாடியில் திருப்பவில்லை என்றால் மீனும் போச்சு லூரும் போச்சு, அந்த இடத்தில் குறைந்த கியர் கொண்ட பழைய ரீல் பாரமான மீனைக் கிணற்று வாளி தூக்குகிற நிதானத்தில் கொண்டுவரும் என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. தாழங்குடா வாயில் வற்றம் இழுக்கும்போது மேல்பக்கமாக வீசினால் லூர் நீரோட்டத்தோடு நம்மை நோக்கியே வரும், 5.3-இல் நூலின் தொய்வை எடுக்கவே முடியாது, கொடுவா வாயில் எடுத்துத் துப்பியதுகூடத் தெரியாமல் போகும். அதனால் லூருக்கு எனக்கு 7-க்கு மேல் வேண்டும். இரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற தூண்டிலுக்குக் குறைந்த கியரே நல்லது, அங்கே வேகத்துக்கு வேலையே இல்லை.

இரை போட்டுக் காத்திருப்பது என்று சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. 6500 மாதிரி பழைய உருண்டை ரீல்களில் பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும், அதைத் தள்ளினால் நூல் போகும்போது கிர்ர் என்று சத்தம் கொடுக்கும். ராத்திரியில் துறைமுகத்து வாயில் உயிர் மடவையைப் போட்டு, ராடைக் கல்லிடுக்கில் சாய்த்துவிட்டு, ரீலை ஃப்ரீயாக விட்டு இந்தக் குமிழை மட்டும் போட்டுவைத்தால், கொடுவா இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது சத்தம் காட்டிக்கொடுக்கும், எதிர்ப்பு தெரியாததால் மீனும் விடாது. இன்றைய தட்டை ரீல்களில் பெரும்பாலானவற்றில் இது கிடையாது. உயிர் இரைதான் உங்கள் வழி என்றால் இந்த ஒன்றுக்காகவே பழைய ரீலை வைத்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பழசின் கைப்பிடியைப் பின்னால் தள்ளினால் கொஞ்சம் ஆடிவிட்டுத்தான் நிற்கும். உள்ளே பல்சக்கரமும் ஒரு கொக்கியும் இருக்கிறது, அடுத்த பல்லில் கொக்கி விழும்வரை ஆட்டம் இருக்கும். பின்னால் வந்தவற்றில் ஒருவழி உருளை பேரிங் இருப்பதால் ஆட்டமே இல்லை, மீனை முள்ளில் ஏற்றும்போது கைக்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்த உருளை பேரிங்கில் கிரீஸ் அதிகமாகிப்போனாலோ உப்பு புகுந்தாலோ வழுக்க ஆரம்பிக்கும், பாரமான மீன் இழுக்கும்போது கைப்பிடி பின்னால் சுற்றி விரலில் அடிக்கும். பல்சக்கரக் கொக்கி அப்படி வழுக்காது. மீன் இழுக்கும்போது நூலை அளவோடு விட்டுக்கொடுக்கும் டிராக்கைப் பொறுத்தவரை பழைய வாஷர்களை அப்படியே நம்ப வேண்டாம், கார்பன் வாஷர் அதே அளவில் தனியாகக் கிடைக்கிறது, மாற்றி, டிராக்குக்கென்றே வரும் கிரீஸை மெல்லிதாகத் தடவினால் பழைய ரீலின் டிராக் புதுசோடு நிற்கும். வீட்டில் கிடக்கிற பழைய அபுவுக்குச் செலவு செய்வதாக இருந்தால் முதல் செலவு இதுதான்.

இப்போது உப்புக்கு வருகிறேன். வாங்கும்போது யாரும் யோசிக்காதது, மூன்று மாதம் கழித்து எல்லோரும் பேசுவது.

அபு ஸ்வீடனில் ஸ்வேங்ஸ்டா என்ற சின்ன ஊரில் 1921-இல் தொடங்கிய கம்பெனி, டாக்ஸி மீட்டர் செய்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் அந்த வியாபாரம் படுத்ததும் ரீல் பக்கம் திரும்பினார்கள். 1952-இல் அம்பாசடர் 5000 வந்தது. மீட்டர் செய்த கைகள் என்பதாலோ என்னவோ, அந்த ரீலைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் எதற்கு இருக்கிறது என்று பார்த்த உடனே புரியும். பக்கத்தில் மூன்று கட்டைவிரல் திருகு, கழற்றினால் ஸ்பூல் கையோடு வரும். அதைவிட முக்கியம், அந்த வடிவமைப்பைப் பல பத்தாண்டுகள் பெரிதாக மாற்றாமல் செய்துகொண்டே வந்தார்கள், அதனால் ஒரு வருடத்து ரீலின் பாகம் இன்னொரு வருடத்து ரீலுக்குப் பல நேரம் அப்படியே உட்காரும். உடைந்த இரண்டு ரீலை வைத்து ஓடுகிற ஒன்றைச் செய்துவிடலாம். 5500 சி, 6500 சி வகைகளில் ஸ்பூல் பேரிங்கின் அளவு 3-க்கு 10-க்கு 4 மில்லிமீட்டர், பேரிங் கடையில் 623 என்று கேட்டால் தெரியும். துருப்பிடிக்காத வகையா என்று மட்டும் கேட்டு வாங்க வேண்டும், சாதா எஃகு பேரிங் நம் கடற்கரையில் சீக்கிரம் சத்தம் போட ஆரம்பித்துவிடும்.

நான் வேண்டாம் என்று சொன்ன அந்த நடுக்கால ரீல்கள் இங்கேதான் தோற்கின்றன. லோ ப்ரொஃபைல் ரீல்களைக் கம்பெனிகள் சில வருடத்துக்கு ஒருமுறை அடியோடு மாற்றுகின்றன, பெயர் அதேதான் இருக்கும், உள்ளே எல்லாம் வேறு. மாடல் நின்று சில வருடத்தில் பாகம் வருவதும் குறைந்துவிடும். கிளட்சைத் தள்ளும் பிளாஸ்டிக் துண்டு, பினியனைத் தாங்கும் சின்ன நுகம், ஒரு சுருள்வில், இதில் ஏதாவது ஒன்று போய்விட்டால் ரீல் முழுக்க நல்ல நிலையில் இருந்தும் அலமாரிக்குப் போய்விடும். கடைக்காரர் "இதுக்கு ஸ்பேர் வராது தம்பி" என்று சொல்வதைக் கேட்ட பிறகு செய்ய ஒன்றும் இல்லை. பழைய பச்சை நிறக் குராடோக்களுக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு, நல்ல ரீல்தான் அது, அமெரிக்காவில் அதற்கென்று பாகம் சேர்த்து வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடலூரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பாகத்தை வரவழைத்து, சுங்கமும் கட்டி, அதற்குள் சீசனே முடிந்துவிடும். புது மாடலுக்கு உத்தரவாதம் இருக்கும், பாகம் ஓட்டத்தில் இருக்கும். அதனால்தான் பழசு என்றால் நன்றாகப் பழசாக இருக்கட்டும், இல்லையென்றால் புதுசாக இருக்கட்டும் என்கிறேன்.

கழுவுவது பற்றி ஒரு விஷயம். கரையிலிருந்து வந்ததும் ரீலைக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போன்ற கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும் வீடுகள் எத்தனையோ. அந்தத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் உப்பை எடுப்பதற்குப் பதில் இன்னொரு உப்பைப் பூசுகிறோம், காய்ந்ததும் வெள்ளைப் பொடி தெரியும். குடிக்கிற கேன் தண்ணீரில் ஒரு சொம்பு போதும். டிராக்கை இறுக்கி வைத்துவிட்டு, மேலாக, அழுத்தமில்லாமல் ஊற்றித் துடைக்க வேண்டும், பைப்பைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய் உட்காரும். துடைத்த பிறகு டிராக்கை முழுக்கத் தளர்த்திவிட்டு நிழலில் காய வையுங்கள். லைன் கைடு ஓடுகிற திருகுக் கம்பியில் மணல் சேரும், நம் கடற்கரை மணல் பொடி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து ஒரு சொட்டு எண்ணெய். பேரிங்குக்கும் ஒரே சொட்டுதான், அதிகம் விட்டால் ஸ்பூல் மந்தமாகும். எடை குறைய வேண்டும் என்று மெக்னீசியம் உடம்போடு வரும் விலை உயர்ந்த ரீல்களைக் கடல் பக்கம் கொண்டுவராதீர்கள், பூச்சு ஒரு இடத்தில் கீறினாலும் அங்கிருந்து அரிக்கத் தொடங்கும். அலுமினிய உடம்பு போதும்.

பழசைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். விற்கிறவர் முன்னாலேயே பக்க மூடியைத் திறக்கச் சொல்லுங்கள், மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் பித்தளைக் கியரும் அலுமினியமும் உப்பு தின்றிருக்கிறது. ஸ்பூலை விரலால் சுண்டிவிட்டுக் காதருகே வைத்துக் கேளுங்கள், மணல் அரைக்கிற சத்தம் பேரிங், அது மாற்றக்கூடியது, விலையைக் குறைக்க உதவும். நண்பர் ஒருவரை நூலைப் பிடித்து இழுக்கச் சொல்லி, அந்தப் பாரத்தில் கைப்பிடியைச் சுற்றுங்கள், பாரம் இல்லாதபோது வெண்ணெயாகச் சுற்றும் ரீல் பாரத்தில் நறநறவென்றால் கியர் தேய்ந்திருக்கிறது. டிராக்கை மெதுவாக இழுத்தால் முதலில் பிடித்து அப்புறம் திடீரென்று விடக்கூடாது. ஸ்பூலின் விளிம்பை நகத்தால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள், நகம் மாட்டுகிற கீறல் பிரெய்டை அறுக்கும். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ தெரியாமல் திறந்திருக்கிறார்கள், இன்னும் கவனமாகப் பாருங்கள்.

இடது கைப்பிடியா வலது கைப்பிடியா என்பதையும் வாங்குவதற்கு முன் பாருங்கள், பெய்ட்காஸ்டரில் அதை மாற்றிப் பூட்ட முடியாது. பழசில் பெரும்பாலும் வலதுதான் கிடைக்கும். அபுவிலும் சரி, ஷிமானோவிலும் சரி, எண் 1-இல் முடிந்தால் இடது, 6501, 201 என்பது மாதிரி. ஸ்பின்னிங்கில் இடது கையால் சுற்றிப் பழகியவர்கள் வலது கைப்பிடி ரீலில் ஒவ்வொரு வீச்சுக்கும் ராடைக் கை மாற்ற வேண்டியிருக்கும், பழகிவிடும், ஆனால் லூர் தண்ணீரில் விழுந்த உடனே அடிக்கிற மீனை அந்த ஒரு விநாடியில் விட்டுவிடுவோம்.

பழைய ஸ்பூலில் பிரெய்டு போடுகிறவர்கள் அடியில் பத்துப் பதினைந்து மீட்டர் நரம்பைச் சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்டைக் கட்டுங்கள், வழவழப்பான ஸ்பூலில் பிரெய்டு பிடிக்காமல் மொத்தமாகச் சுழலும், டிராக் தளர்ந்துவிட்டது என்று தோன்றும், டிராக்கில் கோளாறு ஒன்றும் இருக்காது. முப்பது பவுண்டு பிரெய்டு, நாற்பது பவுண்டு லீடர், நம் கொடுவாவுக்கும் செப்பிலிக்கும் இது போதுமானது. மெல்லிய பிரெய்டை பெய்ட்காஸ்டரில் போட வேண்டாம், பாரம் வரும்போது கீழ் அடுக்குக்குள் புதைந்துகொண்டு அடுத்த வீச்சில் சட்டென்று பிடிக்கும், நல்ல லூர் ஒன்று அறுந்து பறக்கும்.

வீட்டில் பழைய அம்பாசடர் இருக்கிறவர்கள் அதைத் திருப்பி, ராடில் உட்காரும் அடிப்பகுதியைப் பாருங்கள். 1970-களின் நடுவிலிருந்து வந்தவற்றில் அங்கே ஒரு எண் அடித்திருக்கும், முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு மாதம், 7903 என்று தொடங்கினால் 1979 மார்ச். பாகம் தேடும்போது மாடல் பெயரோடு இந்த எண்ணும் வேண்டும். தெரியாவிட்டால் அடிப்பகுதியையும் பக்க மூடியையும் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், எதையெல்லாம் மாற்ற வேண்டும், எதை அப்படியே விடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.